வட்டம் சிறிது என்று வாசலை மூடுவதா?

ஊர்ப்புற நூலகங்களை மூடிவிடலாம் என்று வாய்விட்டுச் சொல்ல இதுவரை பலருக்கும் கூச்சம் இருந்தது. அந்தக் கூச்சத்தைப் போக்க இப்போது ஆராய்ச்சியின் பெயரில் ஒரு படம் வந்திருக்கிறது. நூலகங்களுக்கும் நீடித்த வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகெங்கும் வெளியான ஆய்வுகளின் போக்கை அலசுவதாகச் சொல்லி, ஒரு கருத்தரங்கில் வாசிக்கப்பட்டு அச்சிலும் வந்துள்ள கட்டுரையைச் சொல்கிறேன். எழுதியவர் நூலகவியல் பேராசிரியர். அவர்மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் கிடையாது. அவர் சொல்லும் யோசனை நடைமுறைக்கு வந்தால் யார் தலையில் விடியும் என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அவருடைய வாதம் இதுதான். 2015க்குப் பிறகு இந்தத் துறையில் ஆய்வுக் கட்டுரைகள் மளமளவென்று பெருகியிருக்கின்றன. ஸ்கோபஸ் தரவுத்தளத்திலிருந்து அவற்றின் விவரங்களை இறக்கி விஓஎஸ்வியூவர் என்ற மென்பொருளில் போட்டால், திறவுச்சொற்களின் வரைபடம் ஒன்று கிடைக்கிறது. அதில் பல்கலைக்கழக நூலகம், மின்னூலகம், பசுமைக் கட்டடம் ஆகியவற்றின் வட்டங்கள் பெரிதாக இருக்கின்றன. பொது நூலகத்தின் வட்டம் சிறிது. கிராம நூலகத்துக்கு வட்டமே இல்லை. ஆகவே நீடித்த வளர்ச்சியில் கிராம நூலகத்துக்குப் பங்கு உண்டு என்பதற்கு ஆய்வுச் சான்று கிடையாது. ஆகவே அங்கே செலவாகும் பணத்தை எடுத்து, மாநிலம் முழுமைக்கும் ஒரே மின்னூலகத் தளமாக அமைத்துவிடலாம்.

இந்த இரண்டு 'ஆகவே'யும் நிற்காது. முதல் 'ஆகவே' அறியாமை. இரண்டாவது அநியாயம்.

அந்த வட்டம் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். விஓஎஸ்வியூவர் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான நல்ல கருவி. ஒரு சொல் எத்தனை கட்டுரைகளில் வருகிறதோ அதற்கேற்ப வட்டத்தைப் பெரிதாக்கும். இரண்டு சொற்கள் ஒரே கட்டுரையில் சேர்ந்து வந்தால் இரண்டுக்கும் நடுவே கோடு போடும். அதற்குமேல் அது எதையும் சொல்லவில்லை, சொல்வதாக அதை உருவாக்கியவர்களும் கூறவில்லை. அதில் ஒரு வரம்பு உண்டு: குறைந்தது இத்தனை கட்டுரைகளில் வந்த சொல்லைத்தான் படத்தில் ஏற்ற வேண்டும் என்று நாம் சொல்லலாம். நாம் மாற்றாமல் விட்டால் அந்த எண் 5. நான்கு கட்டுரைகளில் வந்த சொல் படத்தில் ஏறாது. கிராம நூலகத்தைப் பற்றி நான்கு அருமையான கள ஆய்வுகள் இருந்திருந்தாலும் அவர் படத்தில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும். எந்த வரம்பை வைத்தார் என்பதைக் கட்டுரையில் எங்கும் அவர் சொல்லவில்லை. 'வட்டமே இல்லை' என்ற தீர்ப்புக்கு அடிப்படையான எண்ணையே மறைத்துவிட்டு, அந்தத் தீர்ப்பை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்.

தேடிய சொற்களைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. ஆங்கிலத்தில் 'லைப்ரரி' என்ற சொல்லையும் 'சஸ்டெய்னபிள்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடியிருக்கிறார். மரபணு ஆய்வுக்கூடத்தில் டிஎன்ஏ துண்டுகளின் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். மருந்து வேதியியலில் சேர்மங்களின் தொகுப்புக்கும் அதே பெயர். கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கும் லைப்ரரி இருக்கிறது. 'சஸ்டெய்னபிள்' என்பதும் இப்படித்தான். திட்டப் பணம் நின்ற பிறகு ஒரு மின்னூலகம் தாக்குப்பிடிக்குமா என்று பேசும்போதும் நூலகவியல் இதழ்களில் இதே சொல்தான் வரும். அதற்கும் பூமிக்கும் ஏழைக்கும் சம்பந்தம் கிடையாது. வந்து விழுந்த கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக் களையெடுத்ததற்கான தடயம் அவர் கட்டுரையில் இல்லை. களத்தில் நெல்லோடு பதரும் கல்லும் கலந்து கிடக்க, தூற்றாமல் மொத்தத்தையும் மரக்காலில் அளந்து இவ்வளவு விளைச்சல் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எந்தக் கட்டுரை ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் எதைச் சேர்ந்தது என்று வகைப்படுத்துவதே உலக அளவில் இன்னும் தீராத சிக்கல். நார்வேயில் பெர்கன் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தவர்கள் 2020இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். அந்த இலக்குகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, தாங்கள் வகுத்த தேடல் முறைப்படி ஒரு பட்டியலும், எல்செவியர் நிறுவனம் வகுத்த முறைப்படி இன்னொரு பட்டியலும் எடுத்தார்கள். இலக்கு ஒன்றே. ஆனால் இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருந்த கட்டுரைகள் சிறு பகுதிதான். எந்த நாடு முன்னால், எந்த நாடு பின்னால் என்ற வரிசைகூடப் பிறழ்ந்தது. தேடும் சொல்லை மாற்றினால் முடிவும் மாறும் என்பதை நூலகத் துறையில் உள்ளவர்களே செய்து காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரே ஒரு தேடலை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டின் கிராமத்து நூலகங்களுக்குத் தீர்ப்பெழுத ஒரு நூலகவியல் பேராசிரியருக்கு எப்படி மனம் வந்தது?

2015க்குப் பிறகு பெருக்கம் என்கிறார். பெருகத்தான் செய்யும். ஐ.நா. அவையில் 17 இலக்குகளும் அவற்றின் கீழ் 169 குறியிலக்குகளும் ஏற்கப்பட்டது 2015 செப்டம்பர் 25 அன்று. அந்தப் பெயர் பரவலானதே அதன் பிறகுதான். பெயரைத் தேடினால் பெரும்பாலும் அதன் பிறகுதான் கிடைக்கும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிந்த புதுக்கோட்டைப் பெண்களின் கையில் அடுத்து என்ன புத்தகத்தைக் கொடுப்பது என்று அலைந்தவர்கள் செய்த வேலைக்கு இந்தப் பெயர் இல்லை. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன வேலைக்கும் இந்தப் பெயர் இல்லை. பெயர் வைப்பதற்கு முன்பே பிள்ளை பிறந்து, வளர்ந்து, நடந்தாயிற்று. பெயர்ப் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டு ஊரில் பிள்ளையே இல்லை என்று சொல்லக் கூடாது.

அடுத்தது, யார் எழுதுகிறார்கள் என்பது. கிராம நூலகத்தைப் பற்றி ஏன் கட்டுரை இல்லை என்று அவர் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டிய கட்டாயம் பல்கலைக்கழகத்திலும் கல்லூரியிலும் இருப்பவர்களுக்குத்தான். பதவி உயர்வுக்கும் நேர்காணலுக்கும் அது வேண்டும். அவர்கள் கைக்கு எட்டும் இடம் அவர்களுடைய சொந்த வளாகம். மாணவர்களுக்கு ஒரு கூகுள் படிவத்தை அனுப்பினால் ஒரு வாரத்தில் தரவு வந்துவிடும். பல்கலைக்கழக நூலகத்தின் வட்டம் ஏன் பெரிது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. காலையில் கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, நாளிதழ்களுக்கு முத்திரை குத்தி, புத்தகம் கொடுத்து வாங்கி, மாலையில் தானே பூட்டிக்கொண்டு போகும் ஊர்ப்புற நூலகர் ஸ்கோபஸ் இதழுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதவில்லை என்பது உண்மை. 31 ஆண்டுகள் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் வேலை பார்த்த நானும் ஒரு கட்டுரை எழுதியதில்லை. எங்களிடம் வந்து கேட்டு எழுதவும் யாரும் வந்ததில்லை. அந்த 31 ஆண்டுகளில் ஆய்வுக்காக என் நூலகத்தின் படியேறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் அரை மணி நேரம் இருந்தார்.

அப்படி வந்திருந்தால் எதைப் பார்த்திருப்பார்கள்?

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. பொது நூலகங்களுக்கு வெள்ளி விடுமுறை. அன்று அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. நான் அப்போது தஞ்சை மாவட்டத்தின் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஓர் ஊரில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை காலை, சாலை முழுக்கத் தென்னை விழுந்து கிடந்ததால் மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே போனேன். முன்பக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் காணவில்லை. ஜன்னலோரம் இருந்த இரண்டு அடுக்குப் புத்தகங்கள் ஊறிப்போயிருந்தன. அவற்றை எடுத்து பெஞ்சுகளில் விரித்து வைத்துக்கொண்டிருந்தபோதே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

புத்தகத்துக்காக வரவில்லை. மின்சாரம் இல்லை. கம்பங்கள் ஒடிந்து கிடந்தன. அந்தப் பக்கத்து ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. கைபேசியில் சார்ஜ் இல்லை, இருந்தாலும் கோபுரம் வேலை செய்யவில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு வீட்டு வாசலில் கைபேசியும் கையுமாக வரிசை நின்றது. தொலைக்காட்சி இருண்டு கிடந்தது. நாளிதழ் வருமா என்று கேட்டுத்தான் நூலகத்துக்கு வந்தார்கள். முதல் இரண்டு நாள் அதுவும் வரவில்லை. வழி திறந்து முதல் கட்டு வந்ததும் பிரித்து, இருக்கிற நான்கு நாளிதழ்களையும் நான்கு பெஞ்சுகளில் போட்டேன். ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி முப்பது பேர் நின்று கேட்டார்கள்.

விழுந்த தென்னை ஒன்றுக்கு, மரத்துக்கும் அதை வெட்டி அகற்றும் செலவுக்குமாகச் சேர்த்து ரூ.1,100 தருவதாக அரசு அறிவித்தது. அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு நூலகத்து வாசல் வழியாகத்தான் வந்தது. செய்தியைப் படித்ததும் கேள்விகள் கிளம்பின. கணக்கெடுக்க யார் வருவார்கள், மரத்தை அதற்குள் வெட்டிவிட்டால் எண்ணுவார்களா, தோப்பு இன்னும் அப்பா பெயரில் இருந்தால் என்ன செய்வது, குத்தகைக்குப் பார்ப்பவனுக்கு உண்டா. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வந்து, என்னென்ன நகல் வேண்டும் என்பதை வாசல் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்தேன்: சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். அன்றன்றைய மாற்றங்களை அழித்து எழுதினேன். சுண்ணக்கட்டி தீர்ந்துபோய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்தேன். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக்கொடுக்க, அரசுத் தேர்வுக்குப் படிக்க வரும் பையன்கள் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் இரவு எட்டு மணி வரை ஓடியது.

ஐ.நா. குறியிலக்குகளில் 16.10 என்று ஒன்று இருக்கிறது. தகவல் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்பது அதன் சாரம். 17 இலக்குகளிலும் 169 குறியிலக்குகளிலும் 'நூலகம்' என்ற சொல் கிடையாது. உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா 2014இல் லியோன் நகரில் ஒரு பிரகடனம் வெளியிட்டு, தகவல் கிடைப்பதும் வளர்ச்சியின் ஒரு பகுதி என்று வாதாடியது. நூலகங்களுக்கு இந்த உரையாடலில் காலூன்ற இடம் தந்தது இந்த 16.10தான். பேராசிரியரும் தம் கட்டுரையில் அதை மூன்று இடங்களில் குறிப்பிடுகிறார். அந்த 16.10 எங்கள் ஊரில் எப்படி இருந்தது என்றால், ஒரு கரும்பலகையும் நான்கு நாளிதழும் திறந்த கதவுமாக இருந்தது. அதற்கு யாரும் திறவுச்சொல் கொடுக்கவில்லை, அதனால் அவருடைய படத்தில் இல்லை. அவர் சொல்லும் மாநிலம் தழுவிய மின்னூலகத் தளம் அந்த வாரங்களில் இருந்திருந்தால், எங்கள் ஊரில் ஒருவராலும் அதைத் திறந்திருக்க முடியாது.

புயலை விட்டுவிடுவோம், சாதாரண நாளையே எடுத்துக்கொள்வோம். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்த இந்தியப் பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1 விழுக்காடு. அதன்பிறகு கைபேசி பெருகியிருக்கிறது, மறுக்கவில்லை. வீட்டில் ஒரு கைபேசி இருந்தால் அது யார் சட்டைப் பையில் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மின்னூலகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கிளை நூலகத்தின் மேசைமேல், மின்தடைக்குத் தாங்கும் ஏற்பாட்டோடு வரட்டும். மேசையைத் தூக்கிவிட்டு வர வேண்டாம்.

கட்டுரையின் முதல் பத்தியிலேயே எஸ்.ஆர். ரங்கநாதனை அழைத்து வந்து நிறுத்துகிறார். நூலகத்தில் எண்ணுவதற்கு வழிகாட்டியவர் அவர், அவர் வழியில் நானும் எண்ணுகிறேன் என்பது பேராசிரியரின் தொனி. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் வேறு எந்த இடத்திலும் வரவில்லை. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். இங்கிலாந்துக்குப் படிக்கப் போன இடத்தில் குராய்டன் பொது நூலகத்தில் பயிற்சி பெற்றார். குழந்தையும் தொழிலாளியும் இல்லத்தரசியும் வந்துபோகும் இடமாக நூலகத்தை அங்கேதான் பார்த்தார். 1948இல் லீமிங்டன் ஸ்பாவில் நடந்த ஆஸ்லிப் மாநாட்டில், நூலகப் பணிகளுக்குப் புள்ளியியலைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லி அதற்கு 'லைப்ராமெட்ரி' என்று பெயரும் வைத்தார். எதை எண்ணச் சொன்னார்? வாசகர் வருகையை, புத்தகப் புழக்கத்தை, எத்தனை பணியாளர் தேவை என்பதை, நூலகங்களை எங்கெங்கே எவ்வளவு தொலைவில் அமைப்பது என்பதை. வாசகர் வீண் காத்திருப்பு இல்லாமல் புத்தகத்தை அடைய வேண்டும் என்பதற்காக எண்ணினார். அதே 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்கு உழைத்தவரும் அவரே. நூலகத்தைத் திறக்க எண்ணியவரின் பெயரை, நூலகத்தை மூட எண்ணும் கட்டுரையின் தலைவாசலில் மாட்டக் கூடாது.

பூட்டிக் கிடக்கும் நூலகங்களைக் காட்டி, மக்களுக்கே தேவையில்லை என்றும் சொல்கிறார். 2006க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்ததும், அவற்றில் பல இன்று பூட்டிக் கிடப்பதும் உண்மை. அவை மாவட்ட நூலக ஆணைக்குழுவின் நூலகங்களே அல்ல; ஊராட்சியின் பொறுப்பில் இருப்பவை. அந்த வேறுபாடுகூடக் கட்டுரையில் இல்லை. கட்டடத்துக்கும் முதல் தவணைப் புத்தகத்துக்கும் பணம் வந்தது, தினமும் திறக்க ஓர் ஆளுக்கு உருப்படியான சம்பளம் வரவில்லை. பூட்டியது வாசகர் இல்லை. திறக்காத கதவின் முன்னால் நின்று, உள்ளே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று கணக்கு எழுதியிருக்கிறார்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிராம நூலகங்களுக்கு அரசு 'மானியம்' தருவதாக எழுதுகிறார். அது மானியமே அல்ல. 1948 சட்டம் நூலக வரி என்று ஒன்றை வைத்தது. இன்று வீட்டு வரியில், சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு அதற்காக மக்களிடம் வாங்கப்படுகிறது. ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். வசூலித்த அந்த வரியை நூலக ஆணைக்குழுக்களுக்கு உள்ளாட்சிகள் காலத்தில் செலுத்தாமல் நிலுவை வைப்பது இத்துறையில் எல்லாருக்கும் தெரிந்த பழைய நோய். அதைப் பற்றி ஆராய ஸ்கோபஸ் தேவையில்லை, வரவு செலவுப் புத்தகம் போதும். அதை விட்டுவிட்டு, ஊர்க்காரன் கட்டிய வரியை ஊர்க்காரனிடமிருந்து எடுத்து நகரத்தில் ஒரு கணினிக் கூடத்தில் போடச் சொல்வதற்கு அறிவுடைமை என்று பெயர் வைக்கிறார்.

ஆய்வே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். 1995இல் சிகாகோ வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் அதை ஆராயத் தெருத்தெருவாகப் போனார். ஏழ்மையில் ஒன்றுபோல இருந்த பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளில் ஒன்றில் சாவு அதிகமாகவும் மற்றொன்றில் குறைவாகவும் இருந்தது ஏன் என்று தேடி, ஆட்கள் சந்தித்துக்கொள்ளும் இடங்கள் உயிர் காக்கின்றன என்று கண்டார். பின்னர் நியூயார்க்கின் கிளை நூலகங்களில் நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்து, 2018இல் புத்தகமாக எழுதினார். நம் பல்கலைக்கழகங்களிலிருந்து யாராவது வந்து, ஒரே ஒன்றியத்தில் நூலகம் திறந்திருக்கும் ஊரையும் பூட்டியிருக்கும் ஊரையும் ஓராண்டு பார்க்கட்டும். எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், எத்தனை பெண்கள் உதவித்தொகைக்கு மனுப் போட்டார்கள், புயல் எச்சரிக்கை எப்போது போய்ச் சேர்ந்தது என்று எண்ணட்டும். முடிவு எனக்கு எதிராக வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் சீக்கிரம் வர வேண்டும். வாசகர் வருகைப் பதிவேடு எல்லா நூலகத்திலும் உண்டு. தேதி, பெயர், ஊர், கையொப்பம். நான் இருந்த ஊரில் நூறுநாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா, வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லித்தான் முதலில் வந்தார். கையெழுத்துப் போடச் சொன்னதற்கு மகளைப் போடச் சொன்னார். பிறகு செவ்வாய்க்கிழமைகளில் வர ஆரம்பித்தார். பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் அவர் பெயர் மகளின் கையெழுத்தில் தொடங்கி, கோணல்மாணலாக அவரே எழுதி, 'ள்' கடைசியில் தள்ளாடி, ஒன்றரை ஆண்டில் ஒரே சீராக வரியில் நிற்பதைப் பார்க்கலாம். கஜா வாரத்தின் பக்கங்களில் இடம் போதாமல் ஓரத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்ற ஆண்டில், காலம் கடந்த பதிவேடுகளைக் கழிவுத்தாளாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பன்னிரண்டு கட்டுகள். சணல் கயிற்றால் நானே கட்டிக்கொடுத்தேன். தராசில் வைத்தபோது நாற்பத்தோரு கிலோ.